காத்து டாக்டர்

புயல் வராத ஊரில் பிறந்து, புயலைக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவள் நான். எங்கள் ஈப்போவில் மழை கொட்டும், இடி இடிக்கும், சுண்ணாம்பு மலை பெயர்ந்து சாலையில் விழும். புயல் மட்டும் வராது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் காற்றுக்குச் சரியாகச் சுழல வராது. நான் படித்தது வளிமண்டல இயற்பியல், வேலை சிங்கப்பூரில். எந்தக் கரையில் எவ்வளவு பலமாகப் புயல் அடித்தால் என்னென்ன கூரை பறக்கும் என்று கணினியில் ஒரு மாதிரியை உருவாக்கிப் பார்த்து, காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். என் திரையில் ஆயிரக்கணக்கான புயல்கள் கரை கடந்திருக்கின்றன. ஒன்றுகூட என் தலைமுடியைக் கலைத்ததில்லை.

2012 பங்குனியில் அலுவலகம் என்னைக் கடலூருக்கு அனுப்பியது. அதற்கு முந்தைய மார்கழியில் அந்தக் கரையை ஒரு புயல் புரட்டிப் போட்டிருந்தது. எங்கள் கணக்குப்படி விழவேண்டிய கூரைகள் நின்றன, நிற்கவேண்டியவை விழுந்தன. போய்ப் பார்த்துவிட்டு வா, உனக்குத்தான் தமிழ் தெரியுமே என்றார் மேலாளர். தமிழ் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கியது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், தெரிந்த ஒரு பேராசிரியர் வீட்டு மாடியில். முதல் நாள் விடிந்தபோது மின்சாரம் இல்லை. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க அப்படித்தானாம். மின்விசிறி நின்றதும் ஊர் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. முதலில் சைக்கிள் மணி, பிறகு விடுதியில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம், எங்கோ தூரத்தில் கோயில் மணி. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் வெகுநேரம் அப்படியே கிடந்தேன். சிங்கப்பூரில் ஓசைகள் இப்படித் தனித்தனியாக வருவதில்லை.

காலையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். நானும் ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்று வளர்ந்தவள்தான், ஆனால் இந்தக் கொத்சு அந்த ஜாதியே இல்லை. புளிப்பும் காரமும் ஏதோ ரகசியம் பேசிக்கொள்வதுபோல நாக்கின் ஓரத்தில் நின்றன. டீயில்தான் ஏமாற்றம். எங்கள் ஊர் தே தாரேக் ஒரு கோப்பை வாங்கினால் ஒரு மனக்குறையைச் சொல்லி முடிக்கலாம். இங்கே குட்டி கிளாஸில் வருகிற டீ, ஆரம்பிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. அன்று முழுவதும் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் திரிந்தேன்.

மறுநாள் கடலூர் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்த பிறகுதான் சொன்னார், கடலூர் போகும், ஆனால் வடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் என்று. இறங்கவா என்று கேட்டேன். உட்காருங்க, காத்து நல்லா வரும் என்றார். அந்தச் சுற்றுவழிக்கு இன்றும் நன்றியாக இருக்கிறேன். குறிஞ்சிப்பாடியைத் தாண்டியதும் முந்திரிக் காடு வந்தது. காடு என்று சொல்லக்கூடாது. மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்து, ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன. சிலது படுத்தபடியே துளிர்த்திருந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் தன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமலே வந்தார். அவருடைய மரமும் அதில் இருந்திருக்கும் என்று பின்னால்தான் தோன்றியது.

கடலூர் பேருந்து நிலையத்தில் என்னை மீட்டவர் ஞானம். ஆட்டோ ஓட்டுகிறவர், முதுநகர்க்காரர், கழுத்தில் சிலுவை, கண்ணாடிக்கு மேல் மாதா படம். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். காற்றைப் பற்றிய ஆராய்ச்சி என்றேன். டாக்டரா என்றார். டாக்டர்தான், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றேன். "புரியுது மேடம், புரியுது" என்று அவர் பயபக்தியோடு தலையாட்டினார். அதற்குப் பிறகு வழியில் டீக்கடை, பெட்ரோல் பங்க் எங்கே நின்றாலும் என்னைக் காட்டி, "சிங்கப்பூர்லேருந்து வந்த காத்து டாக்டர்" என்று அறிமுகம் செய்தார். எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருடம் படித்து வாங்கிய பட்டத்துக்கு இவ்வளவு அழகான பெயரை யாரும் வைத்ததில்லை.

போகவேண்டியது கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். அங்கே தனக்கு ஒரு நண்பன் இருக்கிறான், பெயர் ஆறுமுகம், அவன் வீட்டைப் பாருங்கள் என்றார் ஞானம். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூக்கே சொல்லிவிட்டது. அதற்கப்புறம் காற்றே இல்லை. ஓர் இலை அசையவில்லை. ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பயணியர் நிழற்குடை. அதில் ஒரு பெண், மடியில் நாலைந்து வயது மகளோடு, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. அவர் ஏறவில்லை. ஞானம் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையில் அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகத்தின் வீட்டில் அவரும் அவர் அம்மா தனமும் இருந்தார்கள். நல்ல செங்கல் சுவர். முன்பகுதிக்கு மேல் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் மட்டும் பிய்ந்து, கடல் பக்கம் சிதறியிருந்தன. நான் ஏணி கேட்டேன். மேலே ஏறி, ஷீட்டைப் பிடித்திருந்த கொக்கிகளைத் தடவிப் பார்த்தேன். கடல் உப்பில் துருப்பிடித்து வெங்காயத் தோல் மாதிரி உரிந்தன. அலுவலகத்தின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கீழே இறங்கினேன். அப்போது ஆறுமுகம் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"டாக்டர், காத்து அடிச்சிருக்கா? உள்ளதச் சொல்லுங்க."

"அடிச்சிருக்கு. பலமாவே அடிச்சிருக்கு."

"எந்தப் பக்கமிருந்து?" என்றார் தனம்.

"மேற்கே இருந்து."

தனம் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் அடிக்குமா என்று கேட்டார் ஆறுமுகம். என் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வி அது, என்னிடம் தயாரான பதில் உண்டு. எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் கட்டாயம் வரும், அதற்குமுன் நன்றாக இறுக்கிக் கட்டிவிடவேண்டும் என்றேன். கூரையைத்தான் சொன்னேன். ஆறுமுகத்தின் முகம் சுண்டிப்போயிற்று. செலவை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்வது. சங்கரா மீன் குழம்பு, வறுத்த நெத்திலி, கை கழுவ வெந்நீர். புறப்படும்போது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தந்தார் தனம். கடலூர்க்காரர்களின் மரியாதையே தனி என்று பேராசிரியர் வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு, அன்று மாலை அந்த எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்தேன்.

மூன்றாம் நாள் முதுநகரில் ஒரு டீக்கடை வாசலில் ஞானம் என்னை வியந்து பேச ஆரம்பித்தார்.

"ஆளையே பாக்காம சொல்லிட்டீங்களே மேடம்."

எந்த ஆளை என்று கேட்டேன்.

"வசந்தியத்தான். ஆறுமுகம் சம்சாரம். பஸ் ஸ்டாப்ல பாத்தமே."

பிறகு அவர் சொல்லச் சொல்ல என் கையிலிருந்த டீ ஆறியது. ஈப்போவில் நாங்கள் பேயை மலாய்க்காரர்கள் சொல்கிறபடி ஹந்து என்றே சொல்லிப் பழகியவர்கள். காற்று எங்களுக்கு வெறும் காற்று. இங்கே காத்து என்றால் செத்தவர்களின் நிழலும்தான். காத்து அடித்தது என்றால் அது ஆளைப் பிடித்தது என்று அர்த்தம். மேற்கே இருந்து என்று நான் சொன்னேனே, ஊருக்கு மேற்கேதான் சுடுகாடு. இறுக்கிக் கட்டவேண்டும் என்றேனே, மந்திரித்துக் கட்டுகிறவர் ஒருவர் வடலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

புயலுக்குப் பிறகு வசந்தி தினமும் முற்பகலில் மகள் காவியாவைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடுகிறாராம். நிழற்குடையில் போய் உட்கார்ந்தால் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறார். ஏதோ வெள்ளைப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறார். மந்திரிப்பவரிடம் ஒரு மண்டலம் விட்டுவைக்கவேண்டும் என்று தனம் சொல்ல, ஆறுமுகம் தட்டிக்கழித்து வந்திருக்கிறார். படித்த டாக்டரே சொல்லியாயிற்று, இனி என்ன தயக்கம்? வருகிற வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறார்கள். குழந்தை இங்கேயே இருக்கும், அங்கே குழந்தைகளை விடுவதில்லை. வெள்ளிக்கிழமை என்பது மறுநாள்.

ஒரு தப்புக் கணக்கால் கம்பெனிக்கு நஷ்டம் வரும் என்று பயந்து பழகியிருக்கிறேன். ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற கணக்கை அதுவரை போட்டதில்லை. உடனே ஆட்டோவை எடுங்கள் என்றேன்.

நிழற்குடை காலியாக இருந்தது. நான் உட்கார்ந்து காத்திருந்தேன். மேற்கிலிருந்து தரைக்காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. வேலிக்காத்தான் முள்ளில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் பை கடல் பக்கமாகப் பறக்கப் பார்த்து, சோம்பி, தொங்கிவிட்டது. காற்று நின்றது. வெயில் காலத்தில் கரையோரம் தினமும் நடப்பதுதான். தரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று கிளம்புவதற்குள் நடுவில் ஒரு சும்மா நேரம். காக்கை கத்துவதுகூட மெத்தைக்குள்ளிருந்து கத்துவதுபோல் கேட்டது. நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது. அந்த அசைவில்லாத வெளிச்சத்துக்குள் வசந்தி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை ஓட்டமாக வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று வீசியபோது அவர் வரவில்லை. நின்ற பிறகுதான் வந்தார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "கட்டணும்னு சொன்னவுங்க நீங்கதானா?" என்று ரோட்டைப் பார்த்துக் கேட்டார். கூரையைச் சொன்னேன் என்றேன். நம்பினமாதிரி தெரியவில்லை. புயலன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அம்மா வீட்டில், கடலூருக்கு அந்தாண்ட என்றார். கடலூருக்கு வடக்கே. என் தலைக்குள் அந்தப் புயலின் பாதை விரிந்தது. எத்தனையோ முறை திரையில் ஓட்டிப் பார்த்த பாதை. மையம் அந்தப் பக்கமாகத்தான் கரை ஏறியது, இந்த ஊரைத் தொடவேயில்லை.

"மொதல்ல வடக்கே இருந்து அடிச்சுது, இல்லையா? அப்புறம் சட்டுனு நின்னுடுச்சு."

காவியாவின் தலையைக் கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

"பறவைங்க வந்துச்சா?" என்றேன்.

வசந்தி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"வந்துச்சுங்க. வெள்ள வெள்ளயா, நீட்டு ரெக்க. நம்மூரு பறவ இல்ல. மணல்ல உக்காந்துகிட்டு, கிட்டப் போனாக்கூட பறக்கல. விடியற நேரம். மேல பாத்தா வெளுப்பா வானம், சுத்தி செவுரு வச்சாப்பல மேகம். ஒரு சத்தம் கெடயாது. முடிஞ்சிருச்சுன்னு புள்ளயத் தூக்கிகிட்டு வெளிய வந்துட்டேன். அப்புறம் தெக்கேருந்து வந்துச்சு பாருங்க. அடிபம்பக் கட்டிப் புடிச்சிகிட்டு கெடந்தேன். புள்ள கைய வுட்டுப் போயிருக்கும்."

இந்த ஊரில் காற்று நிற்கவே இல்லையாம், அதனால் யாரும் நம்பவில்லை. காற்று நின்றது என்றுதான் அவருடைய அம்மாவும் சொன்னார். பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

புயலுக்கு நடுவில் கண் என்று ஓர் இடம் உண்டு என்று சொன்னேன். அது மேலே வருகிற ஊரில் மட்டும் காற்று நிற்கும், கடந்து போனதும் எதிர்ப்பக்கமிருந்து திரும்ப அடிக்கும். கடலில் மாட்டிக்கொண்ட பறவைகள் அதற்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் கூடவே வரும். இத்தனை வருடமாகத் திரையில் வெள்ளை மேகத்துக்கு நடுவே அதை ஒரு கறுப்புப் புள்ளியாகப் பார்த்துவருகிறேன், அதற்குள் நின்ற ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றேன். பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். இப்போது தினமும் நிற்கிற காற்று வேறு, இதற்குப் பின்னால் கடல்காற்று மட்டும்தான் வரும், புயல் இல்லாமல் கண் இருக்காது என்றும் சொன்னேன்.

"அப்ப நான் பாத்தது நெசந்தானா?"

"நெசந்தான்."

அவர் அழவில்லை. காவியாவின் காதருகே குனிந்து, "நெசந்தான் பாப்பா" என்றார்.

கடல்காற்று கிளம்பியதும் மூன்று பேரும் ஊருக்குள் நடந்தோம். ஞானம் ஆட்டோவைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் மூட்டை கட்டியிருந்தது, வசந்தியின் புடவைகள். நான் தனத்திடம் நேராகப் போனேன். நேற்று நான் சொன்னது வீட்டைப் பற்றி, காற்று அடித்தது கூரையை, இவர்களை இல்லை என்றேன்.

"அப்ப இவளுக்கு என்னா?" என்றார் தனம்.

"கண்ணு. இவங்க கண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க."

தனத்தின் முகம் தெளிந்தது. கண் பட்டதைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"கண்ணா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? கண்ணுக்குப் போயி யாராவது வடலூரு தாண்டிப் போவாங்களா? முச்சந்தி மண்ணு எடுத்து, உப்பு மொளவா சுத்திப் போட்டா தீந்துது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "பெரிய கண்ணா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவள். "ரொம்பப் பெருசும்மா. ஊரையே மூடுற அளவு."

"அப்ப மொளவா ஜாஸ்தி போடணும்."

நான் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். காற்றழுத்தம் என்கிற சொல் நாக்கு நுனியில் இருந்தது. தனத்துக்குப் பின்னால் நின்ற வசந்தி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். தனம் மூட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு மிளகாய் எடுக்க உள்ளே போனார்.

ஆட்டோ வரைக்கும் வழியனுப்ப ஆறுமுகம் வந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"மேடம், கண்ணுன்னா டிவியில காட்டுவாங்களே, நடுவுல ஓட்ட மாதிரி. அதுதானே?"

"அதுதான்."

"அவ சொன்னத நான் நம்பியிருக்கணும். அம்மாகிட்ட இத வெளக்க வேணாம்."

விளக்கவில்லை என்றேன். கொக்கிகளை மட்டும் மறக்காமல் மாற்றச் சொன்னேன். இந்த முறை கூரைக் கொக்கி என்று தெளிவாகச் சொல்லி, கையால் மேலே காட்டினேன்.

மறுநாள் கடலூரில் மிச்சமிருந்த ஒரு வேலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு சிதம்பரத்துக்குத் திரும்பினேன். ஞானம் கண்டக்டரிடம் இரண்டு தடவை விசாரித்து, நேர்வழியில் போகிற பேருந்தில் ஏற்றிவிட்டார். ஜன்னலோர இடம். ஆலப்பாக்கம் போகிறவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள், யாருக்கோ முந்திரிக் கன்று வந்திருக்கிறதாம், புதிதாக நடப்போகிறார்களாம். நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். புழுக்கத்தில் கண் விழித்தபோது பேருந்து அந்த நிழற்குடையில் நின்றிருந்தது. வெளியே ஓர் இலை அசையவில்லை.

வசந்தி அங்கேதான் இருந்தார். மடியில் காவியா. அன்று வெள்ளிக்கிழமை.

ஆனால் இம்முறை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காவியாவின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு. வசந்தியின் கன்னத்திலும் ஒன்று, மாமியார் கட்டைவிரலால் அழுத்தி வைத்தது, பெரியதாக, வட்டமாக, கறுப்பாக. நான் இத்தனை வருடம் திரையில் பார்த்த அதே புள்ளி. என்னைப் பார்த்ததும் அந்தப் பொட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அவருடைய இன்னொரு கை மகளை இறுக்கிப் பிடித்திருந்தது, பயம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் பார்வை மறுபடி கடலுக்கே போயிற்று.

"இப்ப வரும் பாருங்க மேடம்" என்றார்.

வேலிக்காத்தானில் தொங்கிய பை முதலில் அசைந்தது. பிறகு காவியாவின் பாவாடை ஓரம். பேருந்து நகர்ந்தபோது கிழக்கிலிருந்து காற்று ஜன்னல் வழியாக வந்து என் தலைமுடியைக் கலைத்தது. நான் அதை ஒதுக்கவில்லை.